லம்பூன்: கோட்டைக்குள் வந்த ஒற்றன்

சியாங் மாயிலிருந்து தெற்கே 26 கிலோமீட்டர். காலையில போய் சாயங்காலம் திரும்பிட்டேன். ஊரே தூங்குற மாதிரி இருந்துச்சு, ஆனா ஹரிபுஞ்சய மோன் அரசின் தலைநகரம் இதுதான். 1281-ல் மங்ராய் மன்னர் இதைப் பிடித்தார். அதற்கு முன்பே ஆய் ஃபா என்ற ஒற்றரை உள்ளே அனுப்பினார் என்று சொல்கிறது பழங்கதை. அந்த ஆள் அரசர் யீ பாவின் நம்பிக்கையைப் பெற்று, கொளுத்தும் வெயிலில் மக்களை வாய்க்கால் வெட்ட வைத்து, பழியை அரசர் தலையில் போட்டாராம். பாஸ்வேர்டை உடைக்கவே இல்லைங்க, அட்மின் வேலையையே வாங்கிட்டார்! படை வந்தப்போ ராஜாவுக்காக நிற்க ஆளில்லை.

வாட் குகுட் ஸ்தூபியில் 60 புத்தர்கள் இன்னும் நிக்கிறாங்க. மியூசியத்தில் மோன் கல்வெட்டுகள் வரிசையா இருக்கு. வெளியே தெருவில் ஒரு மோன் வார்த்தைகூட என் காதில் விழல.