மயிலை விளக்கும் லண்டன் விளக்கும்

கார்த்திகைத் திங்களின் அந்தி வேளையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடந்தவர்கள் அறிவார்கள். வாயிற்படிதோறும் அகல்கள் வரிசையாக ஒளிரும். இது நேற்று வந்த வழக்கமன்று. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகம், மயிலையின் விழாக்களை அடுக்கிச் சொல்லுமிடத்துக் கார்த்திகை விளக்கீட்டையும் சொல்கிறது. ஊரார் கூடித் தெருவை ஒளிமயமாக்கியதற்கு இத்துணைப் பழைய சான்று எத்தனை ஊர்களுக்கு வாய்க்கும்?

ஆயினும் நாம் இங்கே சொல்ல வந்தது வேறொரு விளக்கலங்காரம். அது நடந்தது லண்டனில். அதற்கும் இந்த மயிலை மண்ணுக்கும் தொடர்புண்டு.

1746-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். கர்நாடக நவாப் அன்வருத்தீன் கான் கோட்டையைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரினார். புதுச்சேரியிலிருந்த தூப்ளே இணங்கவில்லை. நவாப் தம் மகன் மஹ்பூஸ் கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாற்றங்கரையில் போர் மூண்டது. நவாபின் படை ஏறத்தாழ பத்தாயிரம் என்பர்; எதிரே பாரடி என்பவரின் தலைமையில் வந்ததோ சில நூறு பேர் கொண்ட சிறுபடை. ஆற்றை நேரே கடந்து வந்து, அணிவகுத்து நின்று இடைவிடாது சுட்ட அச்சிறுபடையின் முன் பெரும்படை சிதறியது. ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சிறுபடை, நம் மன்னர்களின் பெருஞ்சேனையை வெல்லக்கூடும் என்பதை அந்நியர்கள் கண்டுகொண்ட இடம் அந்த ஆற்றங்கரைதான்.

1748-இல் எக்ஸ்-லா-ஷபேல் நகரில் ஐரோப்பிய அரசர்கள் சமாதானம் செய்துகொண்டனர். சென்னை ஆங்கிலேயருக்கு மீண்டது. வட அமெரிக்காவிலிருந்த லூயிபூர் கோட்டை பிரெஞ்சுக்காரருக்குச் சென்றது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் நவாபுக்கு இடமில்லை.

அந்தச் சமாதானத்தைக் கொண்டாடவே 1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பார்க்கில் வாணவேடிக்கையும் விளக்கலங்காரமும் நடந்தன. செர்வண்டோனி என்ற கலைஞர் 410 அடி நீளமும் 114 அடி உயரமும் உடைய மரமண்டபம் ஒன்றை எழுப்பினார். அவ்விழாவுக்கென்றே ஹாண்டெல் இசை அமைத்தார். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் நேரில் வந்திருந்தார். மழை குறுக்கிட்டது, மண்டபத்தின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது! வேடிக்கை பார்க்கத் திரண்டவர்களுள் எத்தனை பேர் அடையாற்றின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

அந்நாட்டு விளக்கலங்காரத்தில் மற்றொரு வழக்கமும் உண்டு. வெற்றிச் செய்தி வந்தால் வீட்டார் தத்தம் சன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஏற்றாத வீட்டின் கண்ணாடியைக் கூட்டம் கல்லெறிந்து உடைக்கும். 1831 ஏப்ரல் 27 இரவில் பாராளுமன்றச் சீர்திருத்த ஆதரவாளர்கள் நகரெங்கும் விளக்கேற்றியபோது, வெலிங்டன் பிரபுவின் மாளிகை இருண்டிருந்தது. அவர் அந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர். அவர் மனைவி இறந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. கூட்டம் எதையும் பாராமல் சன்னல்களை நொறுக்கியது. 1799-இல் திப்பு சுல்தானை வீழ்த்திய ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் படை நடத்திய அதே வெலிங்டன்தான் இவர்.

ஐரோப்பியரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. மம்லூக் சுல்தான்களின் கெய்ரோவிலும் வெற்றிச் செய்தி வந்தால் கடைவீதியை அலங்கரிக்க ஆணை பிறக்கும். அதை அரபியில் ‘ஸீனத்’ என்பர். மாறாக, ரஜபு, ஷஃபான் மாதங்களில் ஃபாத்திமியர் காலத்தில் நடந்த நான்கு விளக்கு இரவுகளை மக்ரீஸி எடுத்தெழுதியிருக்கிறார். அவை பள்ளிவாசல்களைச் சுற்றி நடந்தவை. வாசலில் தானே அகல் வைப்பதும், ஆணைக்கோ கல்லெறிக்கோ அஞ்சி விளக்கு வைப்பதும் நமக்கு ஒன்றாகத் தோன்றவில்லை.

லண்டனில் விளக்கணைந்து சில மாதங்களுக்குள் இங்கே நிகழ்ந்தவற்றைக் கேளுங்கள். ஹிஜ்ரி 1162, அதாவது அதே 1749 ஆகஸ்டில், ஆம்பூர்ப் போரில் முதியவரான அன்வருத்தீன் கான் சந்தா சாகிபு, முஸஃபர் ஜங், பிரெஞ்சுக்காரர் ஆகியோரை எதிர்த்துக் களத்திலேயே உயிர் துறந்தார். மஹ்பூஸ் கான் சிறைப்பட்டார். சென்னைக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அக்டோபரில் சாந்தோமையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவ்வாண்டுக் கார்த்திகையில் மாட வீதியில் அகல்கள் எரிந்திருக்கும். சற்றுத் தொலைவில், கடற்கரையோரம் பறந்தது ஆங்கிலேயர் கொடி.