உடுக்கையிலிருந்து கேசட் வரை: ஓசிடியும் ஒலியும்

மதுரையைச் சுத்தியிருக்கிற கிராமங்கள்ல யாருக்காவது மனசு சரியில்லைன்னா கோடாங்கியைக் கூப்பிடுறது பழைய வழக்கம். அவர் உடுக்கை அடிச்சு, பாடி, பிடிச்சிருக்கிறது எதுன்னு பேசவைப்பார். உள்ளே இருப்பதைச் சத்தம் விரட்டிவிடும் என்பது நம்பிக்கை. இன்னைக்கு 'ஓசிடி குணமாக'ன்னு மணிக்கணக்குல ஓடுற யூடியூப் இசைக்குப் பின்னாலயும் அதே நம்பிக்கைதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

மருத்துவம் வேற வழியில போச்சு. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இரண்டு நோயாளிகளை அவர்கள் பயந்த விஷயத்தை நேராகச் சந்திக்கவைத்தார். பயத்தைத் தணிக்க அவங்க வழக்கமா செய்யுற சடங்கைச் செய்யவிடலை. ரெண்டு பேருமே தேறினாங்க.

சரி, கை கழுவுறதைத் தடுக்கலாம். மனசுக்குள்ளேயே சுத்துற எண்ணத்தை என்ன பண்றது? இங்கதான் கேசட் வருது. 1983-ல் பால் சால்கோவ்ஸ்கிஸ், ஒரு நோயாளியை வாட்டிய எண்ணங்களையே ஒலிநாடாவில் பதிந்து, அதைக் கேட்டுக் கேட்டுப் பழகவைத்த சிகிச்சை பற்றி எழுதினார். 1997-ல் கனடாவில் மார்க் ஃப்ரீஸ்டன் குழு 29 பேரிடம் நடத்திய ஆய்விலும் இந்த நாடா முறை சிகிச்சையின் ஒரு பகுதி. திரும்பத் திரும்பக் கேட்கும்போது எண்ணம் அப்படியே இருக்கும். அதன் மேல் இருக்கும் பயம் தேய்ந்துபோகும்.

இந்த வித்தியாசம் நமக்கு ஏன் முக்கியம்? மீனாட்சி சன்னதியில நிக்கும்போது ஒருத்தருக்கு வேண்டாத எண்ணம் வருதுன்னு வைங்க. பரிகாரமா 108 தடவை மந்திரம் சொல்றார். எண்ணிக்கை தப்பினா முதல்லேருந்து ஆரம்பிக்கிறார். பக்தியா சொன்னா அது மந்திரம். இவருக்கு அதுவே நோயின் சடங்கு. "மனசு அமைதியாக இன்னும் நாலு தடவை சொல்லுப்பா"ன்னு நாம சொன்னா, நோய்க்குத்தான் தீனி போடுறோம்.

அப்போ இசைக்கு இடமே இல்லையா? இருக்கு. 2011-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள், ஓம் சொல்லும்போது மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் அடங்குவதை ஸ்கேனில் கண்டார்கள். ஆனா அந்த 12 பேரும் ஆரோக்கியமானவங்க. 2015-ல் ஈரானில் 30 ஓசிடி நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இசையும் சேர்ந்தபோது பலன் கூடியது. சேர்ந்தபோது, அதைக் கவனிக்கணும்.

கேசட் முறையைத் தனியா வீட்டுல செஞ்சு பார்க்காதீங்க. தெரிஞ்ச மருத்துவரோ உளவியலாளரோ கூட இருக்கணும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. 14416-க்குக் கூப்பிட்டா கட்டணம் இல்லாம பேசலாம்.