திடுக்கிடல் அனிச்சை

எதிர்பாராத பேரொலி கேட்டதும் உடல் தானாகத் துள்ளும் செயல். செவி நரம்பு கொண்டுவரும் செய்தி, பெருமூளைப் புறணியின் முடிவுக்குக் காத்திராமல், மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியிலிருந்து தசைகளுக்குச் செல்கிறது. முதலில் இமைத் தசை, ஏறத்தாழ 40 மில்லிநொடியில். பிறகே கழுத்து, தோள், கை. திருவண்ணாமலை மாவட்டத்துப் பட்டு நகரான ஆரணியில், நாடா ஓடும் தறியின் சத்தம் நெசவாளரை உலுக்குவதில்லை: ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் இந்த அனிச்சை தணிந்துவிடும். தெருவில் திடீரென வெடிக்கும் பட்டாசு வேறு. பழகிய கைகூட ஒரு கணம் பிடி தவறலாம். அதைக் கவனக்குறைவு என்று கண்டிப்பது அநியாயம். பேரொலிக்குச் சற்று முன் மெல்லிய ஒலி வந்தாலும் துள்ளல் குறையும். கிளைசின் ஏற்பியின் மரபணுக் குறையால் இது பிறவியிலேயே மிகையாவதும் உண்டு. இக்குறை உள்ளவர்கள் உடல் விறைத்து, கையூன்றித் தாங்க இயலாமல் விழுவர். குளோனசெபாம் மருந்து பலருக்குப் பயன் தருகிறது.