வாஷிங்டனின் மாவு மில்

மகன் குடும்பத்துடன் அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்திலுள்ள மவுண்ட் வெர்னனுக்குச் சென்றிருந்தேன். ஜார்ஜ் வாஷிங்டனின் மாளிகையிலிருந்து சுமார் 4 கி.மீ. தொலைவில் அவருடைய மாவு மில் இருக்கிறது. 1771-ல் அவர் கட்டியது பிற்காலத்தில் அழிந்துபோக, 1930-களில் அதே இடத்தில் மீண்டும் எழுப்பினார்கள். 2002-ல் புதுப்பித்துத் திறந்தார்கள்.

அக்கால உடையணிந்த ஊழியர் தண்ணீரைத் திறந்துவிட்டதும் சக்கரம் சுழன்றது. நம் ஏந்திரம் போலவே அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும். அரைத்த மாவைச் சிறு வாளிகள் கோத்த பட்டை மேல்மாடிக்கு ஏற்றுகிறது. அங்கே சுழலும் வாரி ஒன்று மாவைப் பரப்பி ஆற வைக்கிறது. பிறகு சல்லடை. ஆலிவர் எவன்ஸின் இந்த ஏற்பாட்டுக்கு 1790-ல் அமெரிக்காவின் மூன்றாவது பேடன்ட் கிடைத்தது. அதில் கையெழுத்திட்டவர் ஜனாதிபதி வாஷிங்டனே! 1791-ல் தம் மில்லிலும் அதைப் பொருத்தினார். விஞ்ஞான மாணவனான எனக்கு ஒரே பரவசம்.

பள்ளியில் படிக்கும் பேத்தி மட்டும், “இதில் வேலை செய்தவர்கள் யார்?” என்று ஊழியரிடம் கேட்டாள்.

அடிமைகள் என்றார் அவர். மாவரைத்தவர்களும் பீப்பாய் செய்தவர்களும் அவர்களே. 1799-ல் மவுண்ட் வெர்னனில் இருந்த அடிமைகள் 317 பேர். வாஷிங்டனுக்குச் சொந்தமான 123 பேருக்கு அவருடைய உயிலின்படி 1801-க்குள் விடுதலை கிடைத்தது. மனைவியின் முதல் கணவர் சொத்தில் அடங்கிய 153 பேருக்கு அந்த பாக்கியம் இல்லை.

பல்சக்கரங்களைப் பற்றி நான் பத்துக் கேள்விகள் கேட்டிருந்தேன். மனிதர்களைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.