அண்ணாமலையார் தீர்த்தமாடும் சேயாறு



அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கென நகரின் எல்லை கடந்து எழுந்தருளும் ஊர்கள் மூன்று. தைத் திங்கள் 5ஆம் நாள் தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்ப்பேட்டை. இரதசப்தமியன்று சேயாற்றங்கரைக் கலசபாக்கம். மாசி மகத்தன்று, மகப்பேறில்லா வல்லாள மன்னனுக்கு மகனாக நின்று நீர்க்கடன் ஆற்றும் பள்ளிகொண்டாப்பட்டு. இவற்றை ஒருங்கு நோக்குவார்க்கு இத்திருவூரைச் சூழ்ந்த நீர்வழிகள் இனிது புலனாகும்.

திருவண்ணாமலைக்குத் தென்பால் விழும் மழைநீர் துரிஞ்சலாற்று வழியே பெண்ணையை அடையும். வடபால் நீரோ சேயாற்றிற் புகுந்து பாலாற்றைச் சேரும். பாலாறு, பெண்ணை ஆகிய இரண்டும் கன்னட நாட்டு நந்தி மலைப்பகுதியில் தோன்றுவன. விடையேறும் பெருமானின் மலைக்கு இருபுறமும் நந்தியின் பெயர்பூண்ட மலைநீர் செல்வது எண்ணி மகிழத்தக்கது.

சேயாறு சவ்வாது மலையிற் பிறப்பது. குப்பநத்தம் அணையைக் கடந்து, செங்கம், கலசபாக்கம் வழியாகச் சென்று, கமண்டல நாகநதியைத் தன்னுட் கொண்டு, ஞானசம்பந்தர் ஆண்பனையைப் பெண்பனையாக்கிய திருவோத்தூரை அணைந்து, திருமுக்கூடலிற் பாலாற்றோடு கலக்கிறது.

இதன் பழமை பெரிது. பத்துப்பாட்டின் இறுதியதாகிய மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. செங்கண்மா நகரத்து நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் பெருங்கௌசிகனார், சேயாற்றையும் நவிரமலையில் உறையும் காரியுண்டிக் கடவுளையும் குறிப்பிடுகின்றார். நஞ்சுண்ட பெருமானே அக்கடவுள். நவிரமலை இந்நாளைய பருவதமலை என்பர் அறிஞர். அம்மை வாழைப்பந்தலில் மணலால் இலிங்கம் அமைக்க நீர் வேண்டியபோது, சேயாகிய முருகன் வேலெறிந்து வருவித்த ஆறு இது என்பது தலபுராண மரபு.

அம்மை கையிற் கொண்ட அம்மணலே இவ்வாற்றின் உயிர். சேயாறு ஆண்டு முழுதும் ஓடுவதன்று. மழை பெய்தால் பெருகி, விரைவில் வடிவது. வடிந்த பின்னும் மணலடியில் நீர் தங்கி, ஊற்றாய்க் கசிந்து, கரையோரக் கிணறுகளை ஊட்டும். மணலை வாரிவிட்டால் வெள்ளம் தங்காது கடலுக்கு ஓடும், கிணறு வறளும், பெருமான் தீர்த்தமாடும் துறையிலும் நீர் காண்பது அரிதாகும்.

மலையின் நிலையும் அன்னதே. 2024 டிசம்பர் 1ஆம் நாள் பெருமழையில் அண்ணாமலைச் சரிவு இடிந்து எழுவர் உயிரிழந்தனர். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற, பெண்ணை கரைபுரண்டது. மரமும் மண்ணும் மழையைத் தாங்கவும், ஏரிகள் அதனை ஏற்கவும், ஆற்றுமணல் அதனைக் காக்கவும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் பெருமழை துன்பமாகும்; மழையற்ற நாள் வறட்சியாகும்.

ஆதலின் மெய்யன்பர்களே, கிரிவலம் வருவோர் மலையைச் சிவமாகவே கண்டு வணங்குகின்றோம். அம்மலையார் நீராடும் ஆற்றையும் அவ்வாறே கருதுதல் வேண்டும். வரத்துக்காலைத் தூர்க்காமையும், ஏரியுள் வீடு கட்டாமையும், ஆற்றிற் குப்பை எறியாமையும் இக்காலத்திற்கேற்ற திருத்தொண்டு. இரதசப்தமியில் பெருமான் எழுந்தருளும்போது சேயாறு நீரோடு எதிர்கொள்ளுமாறு செய்தல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.