கணக்கில் வந்த ஈரம்

கணினியில் ஓவியம் தீட்டும் மென்பொருள்களின் வரலாற்றைத் தொழில்நுட்பத்தின் வெற்றிக்கதையாகவே பெரும்பாலும் எழுதிவருகிறார்கள். ஓவியத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. முதலில் வண்ணத்திலிருந்து ஈரத்தை விலக்கினார்கள். பிறகு விலக்கிய ஈரத்தைத் திரும்பக் கொண்டுவர முப்பது வருஷங்கள் உழைத்தார்கள்.

1973இல் கலிபோர்னியாவில், ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ரிச்சர்ட் ஷூப் அமைத்த சூப்பர்பெயின்ட் இவ்வகையின் முன்னோடிகளில் முக்கியமானது. அதன் திரையில் ஒரே சமயத்தில் 256 வண்ணங்கள் தோன்றலாம். தூரிகை என்று பெயர். ஆனால் கை போகும் வழியெல்லாம் ஒரே வடிவத்தைப் பதித்துக்கொண்டு போகிற முத்திரைதான் அது. 1981இல் வந்த குவான்டெல் பெயின்ட்பாக்ஸ் கையின் அழுத்தத்தையும் உணர்ந்தது. 1987இல் டேவிட் ஹாக்னி முதலிய ஓவியர்களை அதன் முன் உட்காரவைத்து பிபிசி ஒரு தொடர் எடுத்தது. தொடரின் பெயரே ஒளியால் தீட்டுவது என்று பொருள்படும். பெயர் பொருத்தமானதே. அந்த வண்ணம் ஒளியாக இருந்தது. வழியவோ கசியவோ அதற்குத் தெரியாது.

1986இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஸ்டீவ் ஸ்ட்ராஸ்மன், ஜப்பானிய மையோவியத்தை மனத்தில் கொண்டு, தூரிகையை மயிர்களின் வரிசையாகக் கற்பித்தார். ஒவ்வொரு மயிருக்கும் அதற்குரிய மை. மை தீர்ந்த மயிர் வெறும் கீற்றை விட்டுச்செல்லும். தீர்ந்துபோவது என்பதும் கணினித் தூரிகையின் இலக்கணத்தில் சேர்ந்தது.

1997இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கஸிடி கர்ட்டிஸும் சகாக்களும் நீர்வண்ணத்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்கள்: தாளின் மேல் ஓடும் நீர், தாளில் படியும் நிறத்துகள், தாளின் நுண்துளைகளில் ஊறும் ஈரம். அவர்கள் பிடிக்க முயன்றவை எவை என்று பார்க்கவேண்டும். கறுத்துப்போகும் ஓரம், உலராத இடத்தில் மீண்டும் நீர் புகுந்து கிளைவிடும் கறை, துகள் திரண்ட குருணை. இவற்றில் பலவற்றை, புதிதாகக் கற்கும் மாணவனின் தாளில் பிழை என்றே ஆசிரியர் சொல்வார். அதே 1997இல் சிகாகோ பௌதிகவியலாளர்கள் காப்பிக் கறையின் ஓரம் ஏன் கறுக்கிறது என்பதை விளக்கினார்கள்: ஓரத்தில் நீர் விரைவாக ஆவியாகிறது, ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது, துகள்களையும் இழுத்துவருகிறது.

இங்கே ஒரு தடை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேவியரும் ஸ்டோக்ஸும் வகுத்த திரவச் சமன்பாடுகளைத் திரையில் ஓடவிட்டால் கணக்கு எளிதில் கட்டுமீறிச் சிதறிவிடும். 1999இல் ஜோஸ் ஸ்டாம் சிதறாத ஒரு வழியைக் கண்டார். அதற்கு விலை உண்டு: சுழல்கள் இயல்புக்கு முன்பே அடங்கிவிடுகின்றன. 2005இல் ஹாங்காங்கில் நெல்ஸன் சூ, சியூ-லான் டாய் இருவரும் வேறொரு கணிதமுறையைக் கொண்டு, உறிஞ்சும் தாளில் மை பரவுவதைக் கை நகரும் அதே கணத்தில் காட்டினார்கள்.

இந்த உடனடித்தன்மைதான் முக்கியம். மை பரவுவதைக் கண்டு கை தயங்குகிறது, விரைகிறது, நிறுத்திக்கொள்கிறது. நீரின் தோற்றத்தோடு நீருடன் பழகும் பழக்கமும் திரைக்குள் வந்துவிட்டது. ஆகவே இதை வெறும் பாவனை என்று ஒதுக்குவது விமர்சனச் சோம்பல்.

இருந்தும் ஒன்று குறைகிறது. பரவிய மை தானாகத் திரும்பித் துளியாவதில்லை. கணினியோ முந்தைய நிலையை நினைவில் வைத்திருக்கிறது. ஒரு பொத்தானில் விழுந்த துளி விழாததாகிவிடுகிறது. தைல ஓவியன் சுரண்டி எடுத்து மறுபடி தீட்டவில்லையா, கவிஞன் வரியை அடிக்கவில்லையா என்று கேட்கலாம். சுரண்டிய கித்தான் புதுக் கித்தான் ஆகாது. அடித்த வரி கையெழுத்துப் பிரதியில் கிடக்கிறது. பொத்தானின் அழிப்புக்குத் தடமே இல்லை. நீர்வண்ணக் கலைஞன் தன் பிழைகளைப் பாணியாக்கியது, அவற்றை அகற்ற முடியாமல் அவற்றோடு வாழவேண்டியிருந்ததால். இன்று அதே பிழை, வேண்டும்போது தேர்ந்துகொள்ளும் ஒரு வசதி.

இதனால் கலை முடிந்துவிட்டது என்று புலம்ப இடமில்லை. யாப்பை விட்டபோது நமக்கும் இதுதான் நேர்ந்தது. வெளியிலிருந்த கட்டுப்பாடு போனது. உள்ளே ஒன்றை உண்டாக்கிக்கொண்டவர்கள் கவிதை எழுதினார்கள், மற்றவர்கள் வரிகளை மடித்துப்போட்டார்கள். தாள் விதித்திருந்த மீளாமையைத் திரை விதிக்காது. பொத்தானைத் தொடாதிருக்கும் கண்டிப்பை ஓவியன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளவேண்டும். எந்தச் சமன்பாடும் அதை அவனுக்குத் தராது.