ராதையின் கோபம் யாருடையது?

இந்த வாரம் ஒரு நூலின் தடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். 1910-ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழுமையாகப் பதிப்பித்த, முத்துப்பழனியின் ‘ராதிகா சாந்த்வனமு’ காவியம் ஆபாசம் என்று முடக்கப்பட்ட கதை அது. ஆனால் அதில் முத்துப்பழனி என்ன எழுதினார் என்று சொல்லாமல் தடையை மட்டும் சொன்னால் அவருக்கு இரண்டாவது அநீதி செய்வதாகும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் (1739–1763) அவையை அலங்கரித்த இந்தக் கணிகையை, ஆண் புலவர்களின் அடியொற்றி எழுதியவர் என்று எளிதாக ஒதுக்கிவிடலாம். ஜெயதேவரிடமிருந்து ராதையையும், க்ஷேத்ரய்யாவின் பதங்களிலிருந்து நாயகியின் குரலையும் அவர் பெற்றிருக்கலாம். ஆனால் க்ஷேத்ரய்யாவுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? அவருடைய நாயகிகளில் பலர் கணிகையர். அவர் பதங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் ஆடியும் காத்தவர்களும் கணிகையரே. முத்துப்பழனி வாங்கியது கடன் அல்ல, தன் குலத்தின் சொத்து என்றே நான் சொல்வேன்.

கோபித்த நாயகியின் காலில் கண்ணன் விழுவது பழைய சங்கதிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நந்தி திம்மனாவின் ‘பாரிஜாதாபஹரணமு’ காவியத்தில் சத்தியபாமா அவனை உதைக்கவே செய்கிறாள். ஆனால் அவள் மனைவி. முத்துப்பழனியின் ராதையோ தான் வளர்த்த இளாவைத் தானே கண்ணனுக்கு மணமுடித்து, முதலிரவுக்கு அறிவுரையும் சொல்லி அனுப்பிவிட்டுத் தவிக்கும் மூத்த பெண். அவளுடைய ஆசையைக் காவியத்தின் நடுவில் வைத்து, அவளைச் சமாதானப்படுத்துவதையே நூலின் பெயராகவும் ஆக்கியது பெரிய துணிச்சல்.

பெண் பெற்றதைக் கடன் என்றும் ஆண் பெற்றதை அப்படிச் சொல்லாமலும் எழுதும் கணக்கு இங்கிலாந்திலும் உண்டு. 1802 ஏப்ரல் 15-ல் ஏரிக்கரையில் அண்ணனோடு நடந்த டோரதி வேர்ட்ஸ்வொர்த், அங்கே கண்ட டாஃபடில் மலர்களை நாட்குறிப்பில் விரிவாக எழுதினார். 1807-ல் அச்சான அண்ணன் வில்லியமின் புகழ்பெற்ற கவிதையில் கவிஞர் தனியாக நடக்கிறார். அதற்காக வில்லியமைத் தங்கையின் அடியொற்றியவர் என்று யாரும் ஒதுக்கவில்லை. நம் ஊரில் கந்துகூரி வீரேசலிங்கம், விதவை மறுமணத்துக்காகப் போராடிய பெரியவர், முத்துப்பழனியைக் கடுமையாக இழித்து எழுதினார். வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். என் கட்சி நாகரத்தினம்மாள் பக்கம். 1887-ல் வந்த முந்தைய பதிப்பு, முத்துப்பழனி தன் பாட்டி தஞ்சநாயகி வழியாகத் தன் மரபைச் சொல்லும் முன்பகுதியை விட்டுவிட்டிருந்தது. நாகரத்தினம்மாள் அதைச் சுவடியிலிருந்து எடுத்து அச்சில் சேர்த்தார்.